இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று: குழந்தைகளோடு கடைக்குப் போவது எப்படி?

கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒரு சுடிதார் எடுக்க தி.நகர் ரங்கநாதன் தெருவில் ஆறு மணி நேரம் சுற்றியிருக்கிறேன். இப்போது அதே தெருவில் முக்கால் மணி நேரம் தாக்குப்பிடித்தாலே பெரிய விஷயம். பெரியவளுக்கு நாலு வயது, சின்னவனுக்கு ஒன்றரை. பிரசவம் முடிந்து, அம்மா வீட்டிலிருந்து திரும்பி, இனிமேல் நாமேதான் எல்லாம் வாங்க வேண்டும் என்ற நிலைக்கு வந்திருக்கும் புது அம்மாக்களுக்காக இதை எழுதுகிறேன். "பிள்ளைகளை யார்கிட்டயாவது விட்டுட்டுப் போக வேண்டியதுதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. விட ஆள் இருந்தால் தாராளமாக விட்டுவிட்டுப் போங்கள். ஆள் இல்லாதவர்கள் மேலே படியுங்கள்.

நான் இருப்பது குரோம்பேட்டை. அதனால் சொல்வதெல்லாம் சென்னைக் கணக்கு. மதுரையிலும் திருச்சியிலும் தெருப் பெயர் மாறும். பிள்ளைகளின் பசியும் தூக்கமும் மாறாது.

முதலில் கடிகாரம், அப்புறம்தான் பட்டியல்

குழந்தை தூங்கி எழுந்து, வயிறு நிறையச் சாப்பிட்டு முடித்த நேரத்திலிருந்து உங்களுக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது. போகவர ஆகும் நேரமும் இதற்குள்ளேயே அடக்கம். நான் கற்றுக்கொண்டது மொத்தமே இவ்வளவுதான். மற்றதெல்லாம் இந்த இரண்டு மணி நேரத்தை வீணாக்காமல் பார்த்துக்கொள்ளும் வழிகள்.

எங்கள் வீட்டில் அது காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை. ரங்கநாதன் தெரு இருக்கும் மாம்பலத்துக்கு மின்சார ரயிலில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். போகவர ஒரு மணி நேரம், கடைக்குள் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு கடைதான் பார்க்க முடியும். இரண்டு கடை ஏறலாம் என்று நினைத்த நாள்களில்தான் நான் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழாத குறையாக இருந்திருக்கிறேன்.

வார நாள் காலை, கடை திறந்த சூட்டோடு போவது நல்லது. விற்பனைப் பெண்கள் களைத்திருக்க மாட்டார்கள். பொறுமையாக நாலு கவுனை எடுத்துப் போடுவார்கள், பிள்ளையையும் கொஞ்சுவார்கள். அதே பெண்ணிடம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய் அந்தச் சிரிப்பை எதிர்பார்த்தால் பாவம், அவள் என்ன செய்வாள்? காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறாள்.

தீபாவளித் துணி என்றால், கம்பெனிகள் போனஸ் போடுவதற்கு முன்னால் முடித்துவிடுங்கள். போனஸ் வந்தபிறகு தி.நகரில் கைக்குழந்தையோடு நுழைவது அசட்டுத் துணிச்சல். வடகிழக்குப் பருவமழையும் சரியாக அந்தச் சமயத்தில்தான் பிடித்துக்கொள்ளும்.

மூன்று வரிக்கு மேல் எழுதாதீர்கள்

பட்டியலைத் தாளில் எழுதுங்கள். செல்போனில் எழுதினால், பிள்ளை அழும்போது போன் அதன் கைக்குப் போய்விடும், பட்டியலும் கூடவே போய்விடும். நான் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதுவேன். மூன்றே வரி. முக்கியமானது முதல் வரி. அதை வாங்கிவிட்டால் வந்த வேலை முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதும் மூன்றாவதும் கிடைத்தால் லாபம். இப்படி மனதைத் தயார் செய்துகொண்டு போனபிறகுதான் எனக்குக் கடையில் நின்று கோபம் வருவது குறைந்தது.

பை

சின்னதாக ஒன்று, குறுக்கே மாட்டிக்கொள்வதாக இருக்க வேண்டும். இரண்டு கையும் காலியாக வேண்டுமே. ஆளுக்கொரு டயப்பர், உபரியாக இன்னொன்று, சின்னவனுக்கு ஒரு செட் உடுப்பு, ஈரத்துணி, தண்ணீர். துப்பட்டாவை மறக்காதீர்கள். பால் கொடுக்க மறைப்பு, வெயிலுக்குக் குடை, மூக்குத் துடைக்கும் துணி எல்லாம் அதுதான். அப்புறம் ஒரு மஞ்சப்பை. 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைக்குத் தடை. பல கடைகளில் துணிப்பைக்கோ காகிதப்பைக்கோ தனிக் காசு கேட்கிறார்கள்.

தின்பண்டமாக என் சிபாரிசு அரிசிப் பொரி. ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்ன இருபது நிமிடம் ஆகும். பிஸ்கெட் இரண்டு நிமிடத்தில் காலி, மிச்சம் சட்டையில். நிலக்கடலை, பட்டாணி வகையறா வேண்டாம். கூட்டத்தில் யாராவது இடித்து, அது தொண்டையில் சிக்கினால் வேறு கதையாகிவிடும்.

எதில் போவது?

மின்சார ரயிலில் மகளிர் பெட்டி இருக்கிறது. 5 வயதுக்குக் கீழே டிக்கெட் வேண்டாம். மகளிர் பெட்டியில் எனக்குப் பிடித்தது, ஏறினதுமே யாராவது கை நீட்டிப் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார்கள். அரசு சாதாரணப் பேருந்தில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, 5 வயது வரை பிள்ளைகளுக்கும் கிடையாது. ஸ்கூட்டரில் போவதென்றால், 4 வயதுக்குட்பட்ட குழந்தையை ஓட்டுபவரோடு சேர்த்துப் பிணைக்கும் பட்டையும் பிள்ளைக்கான தலைக்கவசமும் வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. 2023 பிப்ரவரியிலிருந்து இது சட்டம். முன்னால் நிற்கவைத்து ஓட்டுபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாலத்தை 2023-ல் திறந்தார்கள். 570 மீட்டர் நீளம். ரங்கநாதன் தெரு நெரிசலுக்குள் இறங்காமல் மேலேயே நடந்து போய்விடலாம். பாண்டி பஜாரில் 2019-க்குப் பிறகு நடைபாதை அகலமாகிவிட்டது, தள்ளுவண்டி கூட ஓடும். ரங்கநாதன் தெருவுக்குத் தள்ளுவண்டி கொண்டுபோகாதீர்கள். நான் ஒரு தரம் கொண்டுபோனேன். வண்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தவள் நான். வண்டியில் உட்கார வேண்டியவன் என் இடுப்பில்.

மளிகை: அண்ணாச்சி கடையா, சூப்பர் மார்க்கெட்டா?

புதிதாகத் தொடங்குபவர்கள் அண்ணாச்சி கடையில் தொடங்குங்கள். பத்து நிமிட வேலை, பழகிய முகம். எங்கள் தெரு அண்ணாச்சி, பெரியவளைப் பார்த்ததும் பட்டியலை அவளிடம்தான் கேட்பார். "பாப்பா, இன்னைக்கு என்ன வேணும்?" "துவரம்பருப்பு அரை கிலோ." போன வாரம் இவள் தானாகவே, "கொசுறு?" என்று கை நீட்டினாள். ஒரு கடலைமிட்டாய் கிடைத்தது. எனக்குக் கறிவேப்பிலை. மாதச் சாமானுக்கு, போனில் பட்டியலைச் சொல்லிவிட்டால் சாயங்காலம் கடைப் பையன் கொண்டுவந்து போட்டுவிடுவான்.

சூப்பர் மார்க்கெட்டில் விலையை ஒப்பிடலாம், ஏசி இருக்கும், தள்ளுவண்டியில் பிள்ளையை உட்காரவைக்கலாம். உட்காரவைக்கத்தான், நிற்கவைக்க இல்லை. வண்டிக்குள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தால் தலைகுப்புற விழுந்துவிடும். அலமாரிக்கு ரொம்பப் பக்கத்தில் ஓட்டாதீர்கள். சின்னவன் போகிற போக்கில் ஒரு முட்டை அட்டையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தான். முப்பது முட்டை. அதற்குக் காசு கொடுத்துவிட்டு, முட்டை வாங்காமல் வீட்டுக்கு வந்தேன்.

இனி வாங்கும் சாமான்கள். டயப்பரில் அளவு வயதை வைத்து வருவதில்லை, எடையை வைத்து வருவது. எஸ், எம், எல் ஒவ்வொன்றும் எத்தனை கிலோவுக்கு என்று பாக்கெட்டிலேயே போட்டிருக்கும். இரண்டு அளவுக்கு நடுவில் குழந்தையின் எடை இருந்தால் பெரிய அளவை எடுங்கள், தொடையில் தடம் விழாது. புது பிராண்டில் முதலில் சின்னப் பாக்கெட். தோல் சிவக்கிறதா என்று ஒரு வாரம் பார்த்துவிட்டுப் பெரிய பாக்கெட் வாங்கலாம். 'ஆஃபர்' என்று கத்தும் பாக்கெட்டைத் திருப்பி, விலையை எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். சில நேரம் ஆஃபர் இல்லாததுதான் மலிவாக இருக்கும். எம்ஆர்பி என்பது வரியெல்லாம் சேர்த்த விலை; அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் கொடுக்க வேண்டியதில்லை. கேட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

பால் பவுடர் பற்றி ஒன்று. கைக்குழந்தைக்கான பால் பவுடரை விளம்பரம் செய்வதும், இலவச மாதிரி கொடுப்பதும், பரிசு காட்டி விற்பதும் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி தப்பு. கடையில் யாராவது "இது நல்லா போகுதுக்கா" என்று டப்பாவைக் கையில் திணித்தால், திருப்பி வைத்துவிட்டுக் குழந்தைகள் மருத்துவரைக் கேளுங்கள்.

துணிக்கடை

இங்கேதான் புது அம்மாக்கள் அதிகம் ஏமாறுவது. யாரும் ஏமாற்றுவதில்லை, நாமே ஏமாறுவோம்.

துணியில் போட்டிருக்கும் வயதை நம்பாதீர்கள். '2-3 வயது' என்று போட்ட சட்டை ஒரு கடையில் சின்னவனுக்கு இப்போதே இறுக்கம். இன்னொரு கடையில் அதே வயது போட்ட சட்டை பெரியவளுக்குச் சரியாக இருக்கும். கிளம்பும் முன் வீட்டில் ஒரு நூல் எடுங்கள். தோளிலிருந்து முழங்கால் வரை ஒரு முடிச்சு, மார்புச் சுற்றளவுக்கு ஒரு முடிச்சு. பிள்ளை தூங்கும்போது எடுத்தால் சுலபம். கடையில் பிள்ளை போட்டுப் பார்க்க மறுத்தாலும் (மறுக்கும்), நூலை வைத்துப் பார்த்து எடுத்துவிடலாம். நன்றாகப் பொருந்தும் பழைய கவுன் ஒன்றைச் சுருட்டி எடுத்துப் போனாலும் சரி.

"வளர்ற புள்ள, ஒரு சைஸ் பெருசாவே எடு" என்று மாமியார் சொல்வார். பட்டுப்பாவாடைக்கு அது சரியான யோசனை. இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொள்ளலாம், கீழே டக் பிடித்துத் தைத்தால் வருடா வருடம் ஒரு மடிப்பாகப் பிரித்துவிட்டு மூன்று தீபாவளி ஓட்டலாம். தைக்கச் சொல்லும்போதே டக் கேட்டு வாங்குங்கள். பிறகு கேட்டால் துணி இருக்காது. ஆனால் அன்றாடச் சட்டை, பேன்ட்டுக்கு இந்த யோசனை சரிவராது. தொளதொளவென்று கால் தடுக்கி விழும். ஆடித் தள்ளுபடியில் அடுத்த வருடத்துக்கென்று வாங்கிவைப்பதும் அப்படித்தான். நான் வாங்கிவைத்த நாலு செட்டில் இரண்டு, அளவு சரியாக வந்தபிறகு பார்த்தால் குளிர்காலத் துணி. சென்னையில் குளிர்காலம் ஏது?

சரிகையும் கல்லும் முகப்பில் கண்ணைப் பறிக்கும். உள்பக்கம் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். உங்கள் கைக்குக் குத்தினால் பிள்ளையின் அக்குளைக் கிழித்துவிடும். உள்ளே பருத்தி லைனிங் இருக்கிறதா என்று கேளுங்கள். கழுத்தில் தொங்கும் கயிறும், வாயால் பிடுங்கிவிடக்கூடிய முத்தும் கைக்குழந்தைத் துணியில் வேண்டவே வேண்டாம்.

நகரும் படிக்கட்டில் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளுங்கள், நடக்கவிடாதீர்கள். பட்டுப்பாவாடை ஓரமும் மெத்தென்ற ரப்பர் செருப்பும் பக்கவாட்டு இடுக்கில் சிக்கிக்கொள்ளும். இரண்டு பிள்ளை என்றால் லிஃப்ட்டுக்குக் காத்திருங்கள். ஐந்து நிமிடம் போனால் போகட்டும்.

செருப்புக்கு ஒரு வழி: பிள்ளையைத் தாளில் நிற்கவைத்து, பாதத்தைச் சுற்றி வரைந்து, கத்தரித்து எடுத்துப் போங்கள். நடக்கும் பிள்ளைக்குப் பெருவிரலுக்கு முன்னால் உங்கள் சுட்டுவிரல் அகலத்துக்கு இடம் இருந்தால் போதும். 'பீப்பீ' என்று சத்தம் போடும் செருப்பைப் பார்த்துச் சிரித்தவள்தான் நான். இப்போது சின்னவனுக்கு அதுதான். கூட்டத்தில் எங்கே ஓடினாலும் காதாலேயே கண்டுபிடித்துவிடலாம். பக்கத்தில் நிற்பவர்கள்தான் பாவம்.

அடம்

வரும். வராத பிள்ளை யாருடையதோ, என்னுடையது இல்லை.

பெரியவளுக்கு மூன்றரை வயதிருக்கும்போது, பில் போடும் வரிசையில் ஒரு ஹெலிகாப்டரைப் பார்த்துவிட்டாள். வேணும் என்றாள். வேண்டாம் என்றேன். தரையில் படுத்துவிட்டாள். கன்னம் டைல்ஸ் தரையில், கால் இரண்டும் நீச்சலடிக்கிறது. வரிசையில் பின்னால் பதினைந்து பேர். "வாங்கிக் குடுத்துடேம்மா, பாவம் குழந்தை" என்றார் ஒரு பெரியவர். "ரெண்டு போடு போட்டா சரியாயிடும்" என்றார் இன்னொரு அம்மா. இரண்டில் எதைச் செய்திருந்தாலும் ஒருவருக்குத் திருப்தியாகியிருக்கும். நான் பையைக் கவுன்டர் பெண்ணிடம் கொடுத்து, "அஞ்சு நிமிஷம் வச்சிரு தங்கம்" என்று சொல்லிவிட்டு, பெரியவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வெளியே படியில் போய் உட்கார்ந்தேன். எதுவும் பேசவில்லை. தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள். ஒரு நாய் வந்தது. ஹெலிகாப்டர் மறந்துபோனது.

ஒவ்வொரு தரமும் நாய் வராது. அதனால் இப்போது கிளம்பும் முன்பே ஒப்பந்தம் போட்டுவிடுகிறேன்: "கடையில உனக்கு ஒரே ஒரு பொருள். இது வேணுமா, அது வேணுமான்னு நான் ரெண்டு காட்டுவேன், நீ ஒண்ணு எடு." சரி என்று வீட்டிலேயே சொல்லவைத்துவிட வேண்டும். பாதி நாள் வேலை செய்கிறது. மீதி நாள் நானும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், மறைப்பானேன். ஒரு முறை வாங்கிக் கொடுத்ததால் பிள்ளை கெட்டுப்போகாது. ஆனால் கத்தினபிறகு வாங்கிக் கொடுப்பதைவிட, வாங்கிக் கொடுக்கத்தான் போகிறோம் என்றால் கத்துவதற்கு முன்னாலேயே கொடுத்துவிடுங்கள்.

பொம்மை வாங்கினால் ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள். 2021 ஜனவரியிலிருந்து அது கட்டாயம். பட்டன் பேட்டரி போட்ட பொம்மையில் மூடி ஸ்குரூ போட்டு மூடியிருக்க வேண்டும். நகத்தால் திறக்கும் மூடி என்றால் திருப்பி வைத்துவிடுங்கள், அந்தப் பேட்டரியை விழுங்கினால் உணவுக்குழாய் வெந்துபோகும்.

கண்ணிலிருந்து மறைந்தால்

நாலு நிமிடம். ஒரு பெரிய துணிக்கடையின் இரண்டாவது மாடியில், சின்னவனின் பேன்ட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன், பெரியவள் இல்லை. பெயர் சொல்லிக் கத்தினேன். குரலே வரவில்லை, காற்றுதான் வந்தது. அங்கிருந்த விற்பனைப் பெண் என்னைவிடத் தெளிவாக இருந்தாள். "அக்கா, என்ன கலர் டிரெஸ்?" என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. காலையில் நானே போட்டுவிட்டது. மஞ்சளா, பச்சையா? வட்டமாகத் துணி தொங்கும் ஒரு ஸ்டாண்டுக்குள் உட்கார்ந்து, பெரியவள் தொங்கும் நாடாக்களை எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் எங்கேயும் போகவே இல்லை.

அன்றிலிருந்து: கிளம்பும்போது வாசலில் இரண்டு பேரையும் நிற்கவைத்து ஒரு போட்டோ எடுக்கிறேன். கடையில் தேடும்போது அதைக் காட்டினால் போதும். முன்கையின் உள்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் என் எண். தீபாவளிச் சமயத்தில் தி.நகரில் போலீஸாரே பிள்ளைகளின் கையில் பெற்றோர் எண் எழுதிய பட்டை கட்டிவிடுவதுண்டு, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெரியவளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பது இரண்டே விஷயம். அம்மாவைக் காணோம் என்றால் நின்ற இடத்திலேயே நில். யூனிஃபார்ம் போட்ட அக்காவிடமோ, குழந்தையோடு இருக்கும் அம்மாவிடமோ சொல்.

நீங்கள் செய்ய வேண்டியது: உள்ளே தேடி ஓடுவதற்கு முன் ஒரு ஆளை வாசலுக்கு ஓடவையுங்கள். செக்யூரிட்டிக்குத் தகவல் போய்விட்டால் பிள்ளை தெருவுக்கு இறங்க வழியில்லை. அப்புறம் துணி ஸ்டாண்டுகளுக்குள், டிரையல் ரூமில், லிஃப்ட் பக்கம். தெருவில் என்றால் தாமதிக்காமல் 112 (அவசர உதவி) அல்லது 1098 (குழந்தைகள் உதவி எண்).

பில், அப்புறம் வீடு

பில் போடும்போது பெரிய பிள்ளையிடம் ஒரு வேலை கொடுங்கள், பில்லைப் பிடித்துக்கொள்வது மாதிரி. துணியை மாற்றிக்கொடுக்கும் கெடு எத்தனை நாள் என்று பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள். பில்லை உடனே போட்டோ எடுங்கள், ஏனென்றால் அதைச் சின்னவன் தின்றுவிடுவான். மிகையில்லை, ஒரு மூலை தின்றிருக்கிறான். விலைச்சீட்டை வெட்டாமல் ஒரு முறை போட்டுப் பாருங்கள். சரியாக இருந்தால் வெட்டி, ஒரு தண்ணீர் அலசிக் காயவைத்து அப்புறம் போட்டுவிடுங்கள்.

போன வாரம் மாம்பலம் ஸ்டேஷன் படியில் ஏறும்போது பூக்காரம்மா கூப்பிட்டார். "ஏம்மா, புள்ளைக்கு ஒரு கால்ல செருப்பைக் காணோம் பாரு." சின்னவன் எங்கே உதறினான் என்று தெரியவில்லை. ஒற்றைக் காலில் 'பீப்பீ'. திரும்பிப் போகலாமா என்று ஒரு நிமிடம் நின்றேன். மணி பதினொன்றே முக்கால். ரயில் ஏறிவிட்டேன்.

வாங்காமல் விட்டதை மறுநாளைக்கென்று மனதில் வைத்துக்கொள்ளாமல், அன்றைக்கே எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுங்கள். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் இப்போது மூன்று வரி இருக்கிறது. உளுத்தம்பருப்பு. பெரியவளுக்கு வெள்ளை ஸ்லிப். சின்னவனுக்குச் செருப்பு, சத்தம் போடுவது.